புற்றுநோய்க்கு மருந்து கண்ட வரலாறு

சென்னைக்கு மேற்கே, திருவள்ளூரை அடுத்துத் திருப்பாச்சூர் என்னும் ஊர் உளது. தேவாரப் பாடல் பெற்ற தொண்டைநாட்டுத் தலங்களுள் அதுவும் ஒன்று. பாசு என்பது மூங்கிலைக் குறிக்கும் சொல். முற்காலத்தில் மூங்கிற்காடாய் இருந்தமையின் அவ்வூர் அப்பெயர் பெற்றது என்பர். மூங்கிலைப்போல் விரைந்து வளரும் தாவரங்கள் மிகச் சிலவே. மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் முளை, சில திங்களுக்குள் தன் முழு உயரத்தையும் எட்டிவிடும். எட்டிய பின் அக்கழை மேலும் உயர்வதில்லை. விரைவும் உண்டு, அவ்விரைவுக்கு வரம்பும் உண்டு. உயிர்களின் வளர்ச்சிக்கு இயற்கை வகுத்த நெறி இதுவேயாகும்.

மனித உடலும் இந்நெறிக்கு உட்பட்டதே. கோடி கோடியான நுண்ணிய உயிரணுக்களால் ஆயது நம் உடல். கையில் ஒரு வெட்டுக்காயம் உண்டாயின், அதனைச் சூழ்ந்துள்ள உயிரணுக்கள் ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிளந்து பெருகுகின்றன. காயம் மூடியவுடன் அப்பெருக்கம் தானே அடங்கிவிடுகின்றது. இங்ஙனம் அடங்கவேண்டிய இடத்தில் அடங்காது, ஒரு சில உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகத் தொடங்குவதே புற்றுநோய் எனப்படும்.

வயலில் முளைத்த களையை உழவன் எளிதில் அறிவான். அறிந்து பறித்து எறிவான். ஆனால், பயிரே களையாக மாறிவிடின் அவன் யாது செய்வான்? புற்றுநோய் அத்தகையது. வெளியிலிருந்து வந்த பகையன்று அது. உடலின் சொந்த உயிரணுக்களே நெறி தவறிய நிலையாகும். ஆகவே, அவ்வுயிரணுக்களை அழித்து, நல்லவற்றைக் காக்கவல்ல மருந்தைக் காண்டல் மிக அரிதாயிற்று. கட்டியாய் ஓரிடத்தில் நின்ற புற்றை அறுவை மருத்துவத்தால் அகற்றினர். கதிர்களைச் செலுத்தி எரித்தனர். இரத்தப் புற்றோ உடலெங்கும் பரவி ஓடுவது. அதனை எந்தக் கத்தியால் அறுப்பது? குழந்தைகளைத் தாக்கும் கடிய இரத்தப் புற்று, 1947-ஆம் ஆண்டுக்கு முன்னர், சில வாரங்களிலோ சில திங்களிலோ உயிரைக் கவர்ந்து சென்றது. மருத்துவர்கள் பெற்றோருக்கு ஆறுதல் கூறுதலன்றி வேறொன்றும் செய்ய இயலாதவராய் இருந்தனர்.

இந்நிலையை மாற்றிய மருந்தின் வரலாறு, புற்றுநோய் ஆராய்ச்சியில் தொடங்கவில்லை. இரத்தச் சோகை ஆராய்ச்சியில் தொடங்கிற்று. 1930-ஆம் ஆண்டினை ஒட்டிய காலத்தில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களை வருத்திய ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்டு என்னும் நொதிக் காளானிலிருந்து எடுத்த சத்தினை உட்கொண்ட பெண்கள் நலம் பெறுவதைக் கண்டார். அச்சத்தில் மறைந்திருந்த பொருள் யாது என்பது அப்போது விளங்கவில்லை. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் பல்கலைக் கழக அறிஞர்கள், நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அத்தகையதொரு பொருளை மிகச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். உயிரணு பிளந்து பெருகுவதற்கு இவ்வமிலம் இன்றியமையாதது என்பது பின்னர்ப் புலனாயிற்று.

நான்கு டன் கீரையைக் கரைத்துச் சிறிதளவு மருந்து எடுப்பதெனின், நோயாளர் அனைவருக்கும் அதனை வழங்குதல் எங்ஙனம்? ஆய்வுக்கூடத்திலேயே அப்பொருளைச் செயற்கையாக ஆக்குதல் வேண்டும். அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் மருத்துவம் பயின்ற ஓர் இந்தியர். எல்லப்பிரகத சுப்பாராவ் என்பது அவர் பெயர்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமையும் நோயும் அக்குடும்பத்தை வாட்டின. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிற் படித்து வெற்றி பெற்றார். மாநிலக் கல்லூரியில் பயின்ற பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் கழிச்சல் நோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் உள்ளத்தில் ஆறாப் புண்ணாய் நின்றது. காந்தியடிகளின் அறைகூவலை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவை வகுப்பிற்குச் சென்றமையால் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளானார். எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சிறிது காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராய்ப் பணிபுரிந்த பின், 1922-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார்.

அங்கு மருத்துவமனை ஒன்றில் இரவில் எடுபிடி வேலைகள் செய்து வயிறு வளர்த்தார். பகலில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். ஃபிஸ்கே என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளந்தறியும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார். தசைகள் இயங்குதற்குரிய ஆற்றலைத் தேக்கிவைக்கும் பொருள்களையும் அவ்விருவர் கண்டறிந்தனர். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துப் பெர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்திற் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவர் ஆனார். அவர் தலைமையில் உழைத்த குழுவினர் 1945-ஆம் ஆண்டில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் முறையைக் கண்டனர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும் அவ்வமிலமே மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்பெறும் டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்தும் அவருடைய குழுவினர் கண்டதேயாகும்.

ஃபோலிக் அமிலம் கைக்கு வந்தபின், புற்றுநோய்க்கும் அது பயன்படுமா எனச் சிலர் ஆராய்ந்தனர். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், அவ்வமிலத்தைச் சார்ந்த பொருள்களை இரத்தப் புற்றுக் கண்ட குழந்தைகளுக்கு அளித்துப் பார்த்தார். விளைவு எதிர்மாறாய் இருந்தது. நோய் தணிவதற்கு மாறாக விரைவு பெற்றதாகத் தோன்றியது. இதனைக் கண்ட ஃபார்பர் உளம் தளர்ந்து விட்டுவிடவில்லை. இவ்வமிலம் நோயை வளர்க்குமாயின், இதனைக் கிட்டாதபடி செய்தல் நோயை ஒடுக்கும் அன்றோ என எண்ணினார். பகையின் வலிமையைக் காட்டிய செய்தியே அதன் மெலிவையும் காட்டிற்று.

இங்குத்தான் புதிய சேர்மங்களைத் திட்டமிட்டு ஆக்கும் கலை துணைக்கு வந்தது. தமிழில் கழை என்பது மூங்கில். களை என்பது பயிர்க்குப் பகையாகும் பூண்டு. கலை என்பது கற்றுத் தெளியும் திறன். ஓரெழுத்தே வேறுபாடு, பொருளோ முற்றிலும் வேறு. விரைந்து படிப்பவன் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு மயங்குதல் கூடும். வேதியியல் அறிஞரும் இத்தகைய மயக்கத்தையே உயிரணுவிற்கு உண்டாக்க முயன்றனர். ஃபோலிக் அமிலத்தின் அமைப்பில் ஆக்சிசனும் ஐதரசனும் சேர்ந்து நிற்கும் ஓரிடம் உண்டு. அவ்விரண்டையும் நீக்கி, அங்கு நைதரசனும் ஐதரசனும் சேர்ந்த அமினோ தொகுதியை வைத்தனர். அங்ஙனம் பிறந்த பொருள் அமினோப்டெரின் எனப் பெயர் பெற்றது. அதனோடு மெத்தில் என்னும் சிறு தொகுதியொன்றைச் சேர்த்தபோது மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து கிடைத்தது.

இப்போலிப் பொருள் உடலினுள் செய்வது யாது? உயிரணு பிளக்கும்போதெல்லாம், தன் மரபுப் பண்புகளைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. என்னும் பொருளைப் படியெடுத்தல் வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. ஆயினும் அவ்வமிலம் உள்ளவாறே பயன்படாது. உயிரணுவில் உள்ள நொதி ஒன்று அதனைப் பற்றிப் பதப்படுத்தித் தருதல் வேண்டும். போலிப் பொருள் வந்தவுடன் நொதி அதனை உண்மையான அமிலம் என்றே கருதிப் பற்றிக்கொள்கிறது. பற்றியபின் விடுபடல் அரிதாகிறது. நொதி முடங்கவே படியெடுக்கும் தொழில் நிற்கிறது. பெருக இயலாத உயிரணு மடிகின்றது.

லெடர்லியிலிருந்து முதலில் வந்த போலிகள் வலிமை குறைந்தவை. பின்னர் அமினோப்டெரின் வந்தது. 1947-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் அதனைக் குழந்தைகளுக்கு அளிக்கத் தொடங்கினார். பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேரிடம் நோய் தணிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கிற்று, இரத்தம் சீர்ப்பட்டது, படுத்த படுக்கையாய்க் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினர். இச்செய்தியை 1948-ஆம் ஆண்டு சூன் திங்களில் மருத்துவ இதழ் ஒன்றில் அவர் வெளியிட்டார். அவ்வறிக்கையின் சிறப்பு யாதெனின், அது மிகையாக ஒன்றும் கூறாமையே. கிடைத்த தணிவு நிலையானதன்று, தற்காலிகமானதே என்றும், மருந்து கொடிய நச்சுத்தன்மை உடையது என்றும் அது வெளிப்படையாகக் கூறிற்று. அவ்வாறே நோய் மீண்டும் தலைகாட்டியது. ஆயினும், மருந்தால் இரத்தப் புற்றைப் பின்வாங்கச் செய்யலாம் என்னும் உண்மை முதன்முதலாக நிறுவப்பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில் காலமானார். தம் குழுவினர் ஆக்கிய மருந்து எத்துணை உயிர்களைக் காக்கப்போகிறது என்பதைக் கண்டு மகிழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

தற்காலிகமான தணிவு நிலையான நலமாக மாறுதற்கு மேலும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. கருவுற்ற பெண்களின் நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் ஒருவகைப் புற்று, மெத்தோட்ரெக்சேட்டால் முற்றும் நீங்குவதை 1956-ஆம் ஆண்டில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் என்னும் மருத்துவர்கள் காட்டினர். 1960-ஆம் ஆண்டினை அடுத்த காலத்தில், ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் முறை தோன்றிற்று. ஒரு மருந்துக்குத் தப்பிய புற்றணு மற்றொன்றுக்குத் தப்பாது என்பதே அதன் கருத்து. அம்மருந்துகளுள் ஒன்றாகிய வின்கிரிஸ்டின், நம் ஊர் வேலியோரங்களில் ஆண்டு முழுதும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவதாகும். ஒரு காலத்தில் குழந்தைகளை ஒருவர் தவறாது கொண்டுசென்ற கடிய இரத்தப் புற்றிலிருந்து, வசதி நிறைந்த நாடுகளில் இன்று பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். அம்மருத்துவத்தில் மெத்தோட்ரெக்சேட் இன்றும் இடம்பெறுகின்றது.

இத்தகைய மருந்தால் தீங்கு இல்லையோ எனின், உண்டு. புற்றணு மட்டுமே விரைந்து பெருகுவதன்று; மயிர்க்கால், வாயின் உட்புறம், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றின் உயிரணுக்களும் விரைந்து பெருகுவனவே. மருந்து அவற்றையும் தாக்குகின்றது. அதனால் முடி உதிர்தலும், வாய்ப்புண்ணும், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றுதலும் உண்டாகின்றன. அளவு மிஞ்சின் அமுதமும் நஞ்சாம் என்பர். இங்கோ நஞ்சே அளவறிந்து அளிக்குங்கால் மருந்தாகின்றது. மூட்டுவாதத்திற்கு இம்மருந்தினை வாரம் ஒருமுறை மட்டும் சிறிதளவு அளிப்பர். அதனை நாள்தோறும் உண்பின் உயிருக்கே இடையூறு நேரும். எனவே, மருந்தைக் கண்டுபிடித்தல் பாதி வேலையே; அதன் அளவையும் இயல்பையும் சோதித்து அறிதல் மறுபாதியாகும்.

அச்சோதனை எங்ஙனம் நடைபெறுகின்றது? புதிய சேர்மம் முதலில் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிக் கலங்களில் வளர்க்கப்பெற்ற புற்றணுக்களின்மீது சோதிக்கப்படும். அதில் தேறியது சுண்டெலி முதலிய விலங்குகளுக்கு அளிக்கப்படும். அதிலும் தேறியதே மனிதரிடம் வரும். மனிதரிடம் நடைபெறும் சோதனைக்கு மூன்று படிகள் உள. முதற்படியில், சிலருக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கி, எவ்வளவு வரை தீங்கின்றித் தாங்கலாம் என்பது ஆராயப்படும். இரண்டாம் படியில், குறித்த நோயில் மருந்து பயன் தருமா என்பது நோக்கப்படும். மூன்றாம் படியில், நூற்றுக்கணக்கானோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் புதிய மருந்தும், மற்றப் பிரிவினர்க்கு வழக்கிலுள்ள மருந்தும் அளித்து ஒப்பிடுவர். புகும் சேர்மங்களுள் பெரும்பாலானவை இடையிலேயே தோற்று விலக்கப்படும்.

ஒப்பீடு எதற்கு, ஒருவர் உண்டு நலமடைந்தால் போதாதா என்று வினவலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எல்லாரும் அறிவர். பழம் விழுந்தது காக்கையாலா, தானே முதிர்ந்தமையாலா என்பதை ஒரு முறை கண்டு துணிதல் இயலாது. அதுபோல, மருந்துண்ட பின் ஒருவர் நலமுற்றார் எனின், மருந்தால் நலமுற்றார் என உடனே துணிதல் தவறாகும். பலரிடம், ஒப்பிட்டு, விருப்பு வெறுப்பின்றி எண்ணிப் பார்த்தே உண்மையைக் காணவேண்டும். சோதனைக்கு உட்படுவோர் நன்மை தீமைகளை அறிந்து, தம் விருப்பத்தால் எழுத்து மூலம் இசைவு தருதலும் வேண்டும். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் விதிகள் இதனை வற்புறுத்துகின்றன. சோதனையால் ஊறு நேரின் ஈடு வழங்கவும் அவை வகை செய்கின்றன. ஏழையின் உடல் எவருக்கும் ஆய்வுப் பொருளன்று என்பதே இவ்விதிகளின் உட்கருத்தாகும்.

சுப்பாராவ் காலத்தில் நொதியின் உருவம் எவருக்கும் தெரியாது. இருளில் திறவுகோல் செய்வதுபோல், பல போலிகளை ஆக்கிப் பார்த்தே ஏற்றதைத் தெரிந்தனர். இன்று அந்நிலை மாறியுள்ளது. நொதியைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அதன் வடிவத்தைக் காண்கின்றனர். மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றிய நிலையில் அந்நொதியின் வடிவம் 1977-இல் வெளியிடப்பட்டது. இத்துறைக்குச் சென்னை அளித்த கொடை பெரிது. சென்னைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரனும் அவருடன் பணிபுரிந்தோரும் 1963-ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைபடம், புரதத்தின் தொடர் எவ்வெவ்வாறு வளையக்கூடும், எவ்வெவ்வாறு வளையவியலாது என்பதை வரையறுத்தது. எந்த நாட்டில் எந்தப் புரதத்தின் உருவத்தைக் கண்டாலும், அது சரிதானா என்று இன்றும் அவ்வரைபடத்தைக்கொண்டு சரிபார்க்கின்றனர். பூட்டின் உள்ளமைப்பை அறிந்து திறவுகோல் செய்தலைப்போலப் புதிய மருந்துகள் இக்காலத்தில் திட்டமிடப்படுகின்றன.

எத்துணை நல்ல மருந்தாயினும் நோயாளரைச் சென்றடையாவிடின் பயனில்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், சென்னையில் அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கப் பல்லாண்டு போராடினார். 1954-ஆம் ஆண்டு சூன் திங்களில், பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. 1955-இல் அங்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா அம்மையார், 2021-ஆம் ஆண்டில் மறையும்வரை அதனையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார். செல்வர் வறியவர் என்னும் வேறுபாடின்றி மருத்துவம் கிடைத்தல் வேண்டும் என்பது அவ்விடத்தின் கொள்கை. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குப் பல மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் முறையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவற்றுள் அம்மருத்துவமனையும் ஒன்றாகும்.

பம்பாய்ப் பெண்களின் சோகையில் தொடங்கி, டெக்சாசின் கீரையிலும், பெர்ல் ரிவரின் ஆய்வுக்கூடத்திலும், பாஸ்டன் குழந்தைகளின் படுக்கையருகிலும் வளர்ந்து, அடையாற்றை வந்தடைந்தது இம்மருந்து. இதன் வரலாறு பள்ளியில் இருமுறை தோற்ற ஒருவரின் ஊக்கத்தைக் காட்டுகின்றது. எதிர்பாராத விளைவை மறைக்காமல் அதிலிருந்தே வழி கண்ட மருத்துவரின் நேர்மையையும் காட்டுகின்றது. ஒரே நாளில் புற்றுநோயைப் போக்குவதாகக் கூறிப் பொருள் பறிப்போர் இன்றும் உளர். அவர்கள் தரும் பொருளை எவர் சோதித்தார், எத்தனை பேரிடம் சோதித்தார், எதனோடு ஒப்பிட்டார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பும் அறிவு ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் உண்டாதல் வேண்டும். ஆறாத புண்ணோ, காரணமின்றித் தோன்றும் கட்டியோ வீட்டில் எவருக்கேனும் காணப்படின், காலம் தாழ்த்தாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் அவ்வறிவின் முதற்பயனாகும்.